தேய்ந்ததா, கிழிந்ததா

அலெக்சிஸ், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் ஒரு கவரிங் நகைக்கடையில் பதினொரு வருடமாக நிற்கிறான். நிறம் போய்விட்டதென்று யாராவது காப்பைத் திருப்பிக் கொண்டுவந்தால், கண்ணில் லென்சை வைத்துப் பார்ப்பான். தானாகத் தேய்ந்திருந்தால் கடையின் பிழை, மாற்றிக் கொடுப்பான். எங்காவது உரசிப் பூச்சு கிழிந்திருந்தால் வாங்கியவரின் பிழை, கொடுக்கமாட்டான். அவனை வெல்பவர் ஞானமலர் அக்கா ஒருவர்தான். கிழிந்ததையும் தேய்ந்ததென்று சாதித்து மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

அந்த ஞாயிறும் ஒரு சோடிக் காப்பை மாற்றி வாங்கிவிட்டு, போகிறபோக்கில் கேட்டார்.

"தம்பி, உம்மடை மனிசி இப்பவும் வெடி வைக்கப் போறாவோ? வீட்டிலை பாத்துக் கதையும்."

"நான் கதைக்கிறதே குறைவு அக்கா" என்றான்.

அவன் மனைவி சுஜானி பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்கிறாள். நான்கு வருடங்களுக்கு முன்பு, கூட வேலை செய்யும் ஒருத்திக்குத் துணையாகத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போனாள். துணைக்குக் கூப்பிட்டவள் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். சுஜானி நிற்கவில்லை. அனுமதிப் பத்திரம் எடுத்தாள், பிஸ்டல் வாங்கினாள். கடைக்கு மேலே நாலாம் மாடியில் அவர்களுடைய வீடு. படுக்கையறையில் மடுமாதா படத்துக்குக் கீழே இரும்புப் பெட்டகம் வந்தது. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, அவற்றில் புது மருந்தும் குண்டும் வைத்துத் தானே தோட்டா செய்யப் பழகினாள். குண்டு ஈயம், அதன்மேல் மங்கிய பச்சையில் ஒரு பூச்சு. ஈயம் துப்பாக்கிக் குழலில் ஒட்டாமலிருக்கத்தான் அந்தப் பூச்சு.

ஒரு மாதமாக ஒட்டியது. நாற்பது வெடிக்குப் பிறகு குழலுக்குள் விட்டெடுத்த துணி சாம்பல் நிறமாக வந்தது. இலக்கு அட்டையில் துளைகள் சிதறின. அடுத்த ஞாயிறு கழக அணிக்குத் தெரிவு. நாலு பேரைத்தான் எடுப்பார்கள். பயிற்சி கொடுக்கும் ஒலிவியே, ஈயத்தோடு மல்லுக்கட்டாமல் தன்னைப்போலச் செம்பு முலாம் போட்ட குண்டுக்கு மாறச் சொன்னார். மாறினால் கை பழக ஒரு வாரம் போதாது. மாறாவிட்டால் துளைகள் சிதறும். செவ்வாய்க்குள் எழுதிப்போட்டால்தான் புதுக் குண்டு வந்து சேரும்.

திங்கள் கடை பூட்டு. சுஜானிக்கும் பள்ளிக்கூட விடுமுறை. குசினி மேசையில் பேப்பர் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, மூன்று வகைக் குண்டு வைத்தாள். செம்பு முலாம், ஒரு கடும் சிவப்பு, அவளுடைய பழைய பச்சை. அலெக்சிஸ் தேத்தண்ணியோடு வந்து பார்த்துச் சிவப்பைக் காட்டினான். பளபளப்பு அதில்தான் இருந்தது.

அவள் சிவப்பை இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக்கினாள். பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. பச்சையைத் தட்டினாள். காசுபோலத் தட்டையானது, பூச்சு உதிரவில்லை. கரைப்பான் நனைத்த துணியால் தேய்த்தாள். துணியில் நிறம் இறங்கவில்லை.

நல்ல குண்டு. பிறகு ஏன் குழலில் ஈயம்?

வேறொருவர் என்றால் அந்த இடத்தில் செம்புக்குப் போயிருப்பார். அவள் தான் செய்து வைத்திருந்த தோட்டா ஒன்றை எடுத்து, குண்டைக் கழற்றுவதற்கென்றே உள்ள, தன் தலைப்பகுதிக்குள் தோட்டாவைப் பூட்டும் பிளாஸ்டிக் சுத்தியலில் வைத்து, மடித்த போர்வைக்கு மேல் குத்தினாள். மூன்றாவது குத்தில் குண்டு கழன்றது.

"இஞ்சருங்கோ, உங்கடை லென்சை எடுத்து வாங்கோ."

அவன் பார்த்தான். பச்சையில், குண்டின் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு. இப்படி ஆயிரம் காப்பு பார்த்தவன்.

"இது தேய்ஞ்சதில்லை, சுஜா. கிழிஞ்சது."

அவள் வெறுங்கோது ஒன்றை எடுத்து அதன் வாயை நகத்தால் சுற்றித் தடவினாள். குண்டு இறங்குமுன் கோதின் வாயைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். விரிக்க விரிக்கப் பித்தளை கெதியாய் வெடிப்பு விட்டுவிடும். இன்னும் நாலு தரம் பாவிக்கலாமே என்று அவள் ஒரு மாதமாக மட்டாகவே விரித்து வந்திருந்தாள். அந்த இறுகிய விளிம்பு ஒவ்வொரு குண்டையும் சீவியிருந்தது.

"நான்தான்" என்றாள்.

பதினொரு வருடத்தில் அவனுக்கு முன்னால் நின்று யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

நூற்றிருபது தோட்டாக்கள் செய்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் கழற்றினாள். பின்னேரம்வரை போர்வையில் குத்தும் சத்தம் கேட்டது. கிழிந்த குண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். கோதுகளின் வாயை மறுபடி விரித்தாள், முன்னைவிட ஒரு மயிரிழை கூடுதலாக. பெட்டியில் மிஞ்சியிருந்த பச்சைக் குண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அவசரமாக ஒரு குண்டுகூட உள்ளே போகவில்லை. அவன் சமைத்தான்; இடையிடையே வந்து நின்று அந்தக் கையைப் பார்த்தான்.

கடைசியாகக் கணினியைத் திறந்தாள். போன கிழமை குண்டு விற்றவர்களுக்குப் பூச்சு சரியில்லை என்று எழுதியிருந்தாள். அவர்களும் மன்னிப்புக் கேட்டு, இலவசமாக இன்னொரு பெட்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது, பிழை என்னுடையது, அனுப்ப வேண்டாம் என்று எழுதினாள்.

"அனுப்பட்டுமே. அவைக்கு என்ன தெரியப்போகுது?"

"அப்ப ஞானமலர் அக்காவிலை நீங்கள் பிழை சொல்லேலாது."

அவன் அடுப்பைப் பார்க்கப் போனான்.

ஞாயிறு கடையில் சனம். மூன்று மணிக்கு அவனுடைய தொலைபேசி அதிர்ந்தது. ஒரு படம். அறுபது வெடிக்குப் பிறகு குழலுக்குள் விட்டெடுத்த துணி. புகைக்கறை மட்டும், ஈயம் இல்லை. பின்னாலேயே ஒரு வரி: மூன்றாவது ஆள் நான்.

முன்னால் ஞானமலர் அக்கா காதுத் தோடு ஒன்றோடு நின்றார். நிறம் போய்விட்டதாம். அவன் லென்சை எடுக்காமல் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான்.

"என்ன தம்பி இது, ஊத்தைத் துணி?"

"மனிசி அனுப்பினவ" என்றான். "அணியிலை எடுத்திட்டினம்."

அவர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் தோட்டை வாங்கி, லென்சைக் கண்ணில் வைத்தான்.

"அக்கா, இது கிழிஞ்சது."

வழமைபோல அவர் வாயெடுத்தார். அவன் விட்டுக்கொடுக்கவில்லை.