பன்னிரண்டு சிவப்பு மூக்குகள்

கோமாளி விழா என்று முடிவானதிலிருந்து அந்தச் சின்னப் பள்ளியின் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் பம்பரமாகச் சுற்றினார். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி வெள்ளைப் பூச்சு, ஒரே மாதிரி சிவப்பு மூக்கு. வாடகைக்கு வரும் கோமாளி திடீரென்று உள்ளே குதிக்க வேண்டுமாம். அதற்காக வாசல் கதவில் நோட்டீஸே ஒட்டிவிட்டார்: 'வெள்ளிக்கிழமை பத்து மணி. கோமாளி வேஷத்தில் வருபவரை யாரும் நிறுத்த வேண்டாம்.'

அதே கதவின் உட்புறம் ஒரு ஆளின் புகைப்படம் இருந்தது. சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் ஐந்து வயதுக்காரியின் அப்பா. "இந்த ஆளு வந்தா மட்டும் புள்ளைய விட்றாதீங்க டீச்சர். தூக்கிட்டுப் போயிருவேன்னு மிரட்டிக்கிட்டு இருக்காரு," என்று அவளுடைய அம்மா, நர்ஸ், கெஞ்சிக் கொடுத்த படம். சாயம் பூசிய முகத்தைப் படத்தோடு ஒப்பிட முடியாது என்பது டீச்சரின் மண்டையில் ஏறவே இல்லை.

பத்து மணிக்குக் கோமாளி வந்தான். வாட்ச்மேன் சல்யூட் அடித்து உள்ளே விட்டார். நான்கு பந்துகளை மேலே எறிந்தான்; நான்கும் கீழே விழுந்தன. பிள்ளைகள் கத்திக் கூரையைப் பிய்த்தார்கள். பிறகு வரிசையில் நிற்கவைத்து, ஈரத்துணியால் ஒவ்வொரு முகமாகத் துடைத்து, "இது யாரு?" என்று விளையாட்டு. டீச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்போது போன் அடித்தது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், பஸ் நின்னுபோச்சு. வேஷத்தோட ரோட்டுல நிக்கிறேன். அரை மணி நேரமாகும்."

டீச்சர் திரும்பிக் கோமாளியைப் பார்த்தார். உள்ளே இருப்பவன் விளையாடவில்லை, தேடிக்கொண்டிருந்தான். துடைப்பான், பார்ப்பான், தள்ளிவிடுவான். ஏழு முகம் முடிந்துவிட்டது. மீதி ஐந்தில் சுண்டெலி யார் என்று பூசிவிட்ட அவருக்கே தெரியவில்லை.

கத்தினால் அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். பயத்தை விழுங்கிக்கொண்டு கைதட்டினார்.

"கேக் வெட்டலாமா? எல்லாரும் ரயில் மாதிரி புடிச்சுக்கிட்டு சமையலறைக்கு ஓடுங்க!"

"இருங்க, இன்னும் முடியல," என்றான் கோமாளி. வாயில் வரைந்திருந்த சிரிப்பு குரலில் இல்லை.

"நீங்க உக்காருங்க. தண்ணி கொண்டுவர்றேன்."

கடைசிப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் தாழ்ப்பாள் போட்டார். மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார். அவசரத்தில் போலீஸ் எண் இரண்டு முறை தப்பியது. கதவு அதிர்ந்தது. மறுபடியும் அதிர்ந்தது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். பிறகு வாட்ச்மேனின் விசில், ஓடும் காலடிச் சத்தம், அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

டீச்சர் தலைகளை எண்ணினார். பன்னிரண்டு. உயிர் திரும்பி வந்தது.

"சுண்டெலி எங்கம்மா?"

அழாமல் மூலையில் நின்ற ஒரு வெள்ளை முகம் கையைத் தூக்கியது.

"வந்தவுடனே அப்பான்னு தெரிஞ்சுச்சு டீச்சர். மூணு தடவ வரிசையில கடைசிக்குப் போய் நின்னேன்."

"என்கிட்ட ஏன்டா கண்ணு சொல்லல?"

"நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க."