புரோட்டீன் பன்

உப்பூர் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் யுவராணி காபிக் கடை தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தொண்டிக்கும் ராமேஸ்வரத்துக்கும் காரில் போகிறவர்கள்தான் வாடிக்கை. காலையில் காபியோடு முட்டை அயிட்டங்கள் நன்றாக ஓடின. முட்டை பன், வெள்ளைக்கரு ரோல், சீஸ் ஆம்லெட். ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை கிராம் புரோட்டீன், எத்தனை கிராம் கார்ப் என்கிற மாவுச்சத்து, உப்பு எவ்வளவு என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். கோயம்புத்தூரில் ஒரு லேபில் கொடுத்து அளந்து வாங்கிய கணக்கு அது. யுவராணிக்கு அதில் பெருமை அதிகம்.

அடுப்படியைப் பார்த்துக்கொண்டது பிரெசில்லா. காரங்காட்டுக்காரி. அவள் புருஷன் ரெக்ஸ் அங்கேயே அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலா ஆட்களை ஏற்றிப்போகும் படகு ஓட்டுகிறான். காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வந்தால் மூன்று மணி வரைக்கும் முட்டையும் கல்லும்தான் அவளுக்கு. முட்டையை ஒரே தட்டு தட்டி உடைத்து, ஓடு விழாமல் கல்லில் விடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அந்தச் சனிக்கிழமை எட்டரை மணிக்கு ஒரு பெண்ணும் பத்து வயதுச் சிறுமியும் வந்தார்கள். பரமக்குடியிலிருந்து வருவதாகப் பெண் சொன்னாள். சிறுமியின் பெயர் மர்ஜானா. அந்தப் பெண்ணை அவள் சாச்சி என்று கூப்பிட்டாள். லீவுக்கு வந்த அக்கா மகளைக் காரங்காட்டில் படகு ஏற்றிக் காட்டப் புறப்பட்டிருக்கிறாள் சாச்சி. ஒன்பது மணிப் படகு. போகிற வழியில் காரிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முட்டை பன் பார்சல் சொன்னார்கள்.

சிறுமி கவுன்டரில் அடுக்கியிருந்த காலிப் பெட்டி ஒன்றை எடுத்து ஸ்டிக்கரைப் படித்தாள்.

“சாச்சி, கார்ப் முப்பத்தெட்டு. மூணு யூனிட் போடணும்.”

பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, “அக்கா, இதுல போட்டுருக்கது சரியா இருக்குமா?” என்று கேட்டாள்.

“லேபுல அளந்து போட்டது பாப்பா. சரியாத்தான் இருக்கும்” என்றாள் பிரெசில்லா.

சிறுமி பூப்போட்ட பையைத் திறந்தாள். விரலில் குத்தி ஒரு சின்ன மெஷினில் ரத்தம் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு என்று சாச்சியிடம் சொன்னாள். பேனா மாதிரி இருந்த இன்சுலின் ஊசியை எடுத்து, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றில் தானே குத்திக்கொண்டாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

பிரெசில்லாவின் மூத்த மகளுக்கும் பத்து வயதுதான். ஊசி என்றால் தெருவைத் தாண்டி ஓடுகிறவள். இந்த வயசில் சர்க்கரையா என்று நினைத்தபடி முட்டையை உடைத்தாள். அடுத்த அடுப்பில் பன் சூடாகிக்கொண்டிருந்தது. வெள்ளை மைதா பன். சர்க்கரைக்காரருக்கு மைதாவே ஆகாது என்று ஊரே சொல்கிறது. இந்தப் பிள்ளைக்குப் போய் இதைக் கொடுப்பதா?

மேல் தட்டில் புரோட்டீன் பன் இருந்தது. வெள்ளைக்கருப் பொடியும் பாதாம் மாவும் போட்டுச் செய்தது. பார்க்க அச்சு அசல் சாதா பன் மாதிரியே இருக்கும். விலை இரட்டிப்பு. அதற்குத் தனிப் பச்சைப் பெட்டி, தனி ஸ்டிக்கர். பிரெசில்லா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மைதா பன்னைத் தள்ளிவைத்துவிட்டுப் புரோட்டீன் பன்னை எடுத்து, இரண்டு முட்டை ஆம்லெட்டையும் சீஸையும் உள்ளே வைத்தாள். கூடுதல் விலை கேட்கப்போவதில்லை. அதனால் சாதாப் பெட்டியிலேயே வைத்து மூடினாள். சொன்னால் வேண்டாம் என்பார்கள். நன்றாகத் தின்னட்டும், உடம்பு தேறட்டும்.

அவர்கள் கார் கிளம்பிப் போனது. அவள் மனம் நிறைந்திருந்தது.

ஒன்பதேகாலுக்குச் சோணைமுத்து வந்தார். கடலாடி தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மகள் வீட்டோடு உப்பூரில் இருக்கிறார். வாரத்துக்கு நான்கு நாள் புரோட்டீன் பன் சாப்பிடுவார்.

“இந்தப் பன்ன கண்டுபிடிச்சவனுக்குக் கோடிப் புண்ணியம்த்தா. சுகர் ஏறவே மாட்டேங்குது” என்றார்.

“ஊசி போடுற ஆளுகளுக்கு இதுதான நல்லது அய்யா?”

“நல்லதுதான். ஆனா சூதானமா இருக்கணும். போன மாசம் கூறில்லாம, எப்பவும் போடுற ஊசிய போட்டுட்டு இதத் தின்னுட்டேன். ஊசி சோத்துக்குப் போடுறது. உள்ள மாவே இல்லன்னா அது என்னத்தப் பிடிச்சு இறக்கும்? இருக்க சர்க்கரையையும் உறிஞ்சிருச்சு. பஸ் ஸ்டாப்புல வேர்த்து ஊத்தி, கண்ணு இருட்டி விழுந்துட்டேன். எவனோ ஒரு புண்ணியவான் சீனிய வாயில கொட்டுனான், பொழச்சேன்.”

பிரெசில்லாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“எம்புட்டு நேரத்துல அய்யா விழுந்தீங்க?”

“முக்கா மணி, ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்?”

அவள் பச்சைப் பெட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். புரோட்டீன் முப்பத்தொரு கிராம். கார்ப் ஆறு கிராம். சாதாப் பெட்டியில் முப்பத்தெட்டு. மூன்று யூனிட் என்று சொன்ன அந்தச் சின்னக் குரல் காதில் கேட்டது. மணி ஒன்பது இருபது. ஊசி போட்டு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

கவுன்டருக்கு ஓடி யுவராணியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். “அவுக நம்பர் இருக்கா அக்கா?”

“ஜிபேல பேருதான் வருது, நம்பர் வரல.” யுவராணியின் முகம் வெளிறியது. “யாரக் கேட்டுடீ மாத்துன?”

“யாரையும் கேக்கல. நான் போறேன். படகுக்குத்தான் போயிருக்காக.”

“இரு, இரு. ஒண்ணும் ஆகாது. கூட ஆள் இருக்கு, மெஷின் வச்சிருக்கு. நீயாப் போயி நாங்கதான் மாத்திக் குடுத்தோம்னு சொன்னா கடைய இழுத்து மூடணும், தெரியுமா? பத்து நிமிஷம் பொறு, யோசிப்போம்.”

பிரெசில்லா பொறுக்கவில்லை. சீனிப் பொட்டலங்களை அள்ளி ஏப்ரன் பையில் போட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து மாம்பழ ஜூஸ் பாட்டிலை எடுத்தாள். சோணைமுத்து கூடவே ஸ்கூட்டர் வரை வந்தார்.

“முழுங்குற நெலமையில இருந்தா ஜூஸ குடு. இல்லன்னா ஊத்தாத, பொரை ஏறிரும். சீனிய நனச்சு கன்னத்துக்கு உள்பக்கம் தடவு. நான் நூத்தியெட்டுக்குப் போன் பண்ணி படகுத்துறைக்கு வரச் சொல்றேன். நீ போ!”

சாலையில் உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே ரெக்ஸுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. படகு ஓட்டும்போது அவன் போனை எடுப்பதில்லை. நனையாமல் இருக்க டப்பாவில் போட்டு மூடிவைப்பான். மறுபடி போட்டாள். மூன்றாவது முறை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எதிரே வந்த மீன் வண்டி ஹாரனை அலறவிட்டு விலகியது. செங்கோல் மாதாவே, அந்தப் பிள்ளை பசிக்காமல் பன்னை அப்படியே வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு தரம் வேண்டினாள். உடனே, தின்னாமல் இருந்தால் இன்னும் மோசம் அல்லவா என்று உறைத்தது. அதற்குமேல் என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற மிக்கேலம்மாள் அவள் வந்த வேகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள்.

“சித்தி, ஒரு பொம்பளையும் சின்னப் பிள்ளையும் வந்தாகளா?”

“ஆமா, ஒம் மாப்ள படகுலதான் போறாக. அரை மணி நேரம் ஆச்சு. என்னடி?”

“பை எதுவும் கொண்டுபோனாகளா?”

“நனைஞ்சிரும்னு கார்லயே வச்சுட்டுப் போனாக.”

மெஷினும் காரில்தான். பிரெசில்லா நீரை நோக்கி ஓடினாள். கரையில், ரெக்ஸைப் போலவே படகு ஓட்டும் சகாயவினோத் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். சேதியைப் பாதி கேட்டதுமே வாளியை எறிந்துவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு மோட்டாரை இழுத்தான்.

நீர் வற்றிக்கொண்டிருந்தது. அகலமான ஓடையில் படகு சீறிப் போனது. அலையாத்தி மரங்கள் நெருங்கும் இடத்தில் சேறு மேலே தெரிய, வினோத் மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கம்பை ஊன்றினான். ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. படகு அங்குலம் அங்குலமாக நகர்வதுபோல் இருந்தது. பிரெசில்லா படகின் ஓரத்தில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் தள்ளினாள்.

“மச்சான்!” வினோத் கத்தினான். “ரெக்ஸ் மச்சான்! நிப்பாட்டு!”

வளைவைத் தாண்டியதும் படகு தெரிந்தது. ரெக்ஸ் கம்போடு நின்று திரும்பிப் பார்த்தான். சாச்சியின் மடியில் மர்ஜானா சாய்ந்து கிடந்தாள்.

படகுகள் உரசுவதற்குள் பிரெசில்லா தாவிவிட்டாள். சாச்சி திடுக்கிட்டாள்.

“காபிக் கடைக்காரம்மாதான நீங்க? என்னாச்சு?”

“பிள்ளை எப்ப இருந்து இப்புடி இருக்கு?”

“இப்பத்தான், கால் மணி நேரமா. வெயில் சேரல. தலை சுத்துதுன்னா, படுக்க வச்சேன். லோ சுகர் எல்லாம் இருக்காது, பன்ன முழுசா தின்னுட்டுத்தான ஏறுனா.”

“லோதான்க்கா. அது நீங்க கேட்ட பன்னு இல்ல. நான் மாத்தி வச்சுட்டேன். அதுல மாவே கெடையாது, முட்டைதான். முப்பத்தெட்டு இல்ல, ஆறுதான் இருக்கும். ஊசி அவ்வளவும் சும்மா எறங்கிருக்கு.”

சாச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “யா அல்லா!” என்று சிறுமியைப் பிடித்து உலுக்கினாள். “மர்ஜு! மர்ஜும்மா!”

சிறுமியின் சட்டை வியர்வையில் தொப்பலாக ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் பாதி திறந்திருக்க, ஏதோ ஸ்கூல் வேன், ஸ்கூல் வேன் என்று உளறினாள். பிரெசில்லா அவளை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்தாள். ஜூஸை உதட்டில் வைத்தாள். அது தாடை வழியே வழிந்து கழுத்துக்குப் போனது. விழுங்கவில்லை.

“ஊத்துங்க! வாயில ஊத்துங்க!” என்றாள் சாச்சி.

“வேண்டாம்க்கா. பொரை ஏறிரும்.”

பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். விரலை ஜூஸில் நனைத்துச் சீனியைத் தொட்டு, சிறுமியின் கன்னத்துக்கு உள்ளே தடவினாள். மறுபடி தொட்டுத் தடவினாள். இரண்டு பொட்டலம், மூன்று பொட்டலம். ரெக்ஸ் படகைத் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தான். கம்பைச் சேற்றிலிருந்து பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான்காவது பொட்டலம் பாதி காலியானபோது சிறுமியின் நாக்கு அவள் விரலைத் தொட்டது. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

“முழுங்குறா! அக்கா, முழுங்குறா!”

ஜூஸைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். பிறகு மடக்கு மடக்காக. படகுத்துறை கண்ணில் தெரிந்தபோது மர்ஜானா முகத்தைச் சுளித்து, “உங்க விரலு உப்புக் கரிக்குது” என்றாள்.

சாச்சி ஓங்கி அழுதுவிட்டாள்.

துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. அதிலிருந்தவர்கள் சோதித்தபோது சர்க்கரை ஐம்பத்தாறு காட்டியது. இது சீனி உள்ளே போன பிறகு, அதற்கு முன்னால் எவ்வளவுக்கு இறங்கியிருந்ததோ என்றார் அந்த வண்டியிலிருந்த பெண். குளுக்கோஸ் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தொண்ணூற்றிரண்டு. எதற்கும் ராமநாதபுரம் போய் மாலை வரை பார்த்துக்கொள்வது நல்லது என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்த மர்ஜானா, “எனக்கு எத்தனை கிராம் சீனி குடுத்தீங்க அக்கா?” என்று கேட்டாள். எழுதிவைக்க வேண்டும் என்றாள்.

“எண்ணல பாப்பா” என்றாள் பிரெசில்லா. ஏப்ரன் பையிலிருந்த காலிப் பொட்டலங்களை எடுத்து அவள் மடியில் வைத்தாள். சிறுமி எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

சாச்சி கண்ணைத் துடைத்துவிட்டு வந்தாள். அழுகை போய் முகம் இறுகியிருந்தது.

“எங்க அக்கா மூணு வருஷமா ஒவ்வொரு பருக்கையும் கணக்குப் பாத்து இவள வளக்குறா. நீங்க பாவம் பாத்து ஒரு பன்ன மாத்துனீங்க. பிள்ளை, கணக்கு சரியா இருக்குமான்னு கேட்டாள்ல? சரின்னு சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்க்கா.”

“மாத்துனப்ப ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?”

சாச்சி வண்டிக் கதவைப் பிடித்தாள். “தேடி வந்தீங்க. அதையும் நான் மறக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ரெக்ஸ் கடைக்குக் கூட வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்று தனியாகவே வந்தாள். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. யுவராணி கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னே காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

“பிள்ளை?”

“நல்லாருக்கு. ராம்நாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக.”

யுவராணி மூச்சை விட்டாள். “எம் பேரச் சொன்னியா?”

“இல்லக்கா. நான் மாத்துனேன்னுதான் சொன்னேன். அதுதான் நடந்துச்சு.”

“பொறுன்னு சொன்னேனே...” யுவராணி முடிக்காமல் நிறுத்தினாள். கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. “பத்து நிமிஷம் பொறுன்னு சொன்னேன் பிரெசில்லா. நீ பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

அதைக் கேட்டுப் பிரெசில்லாவுக்குக் கோபம் வரவில்லை. காலை எட்டரையிலிருந்து இருவரும் ஆளுக்கொரு தப்பைச் செய்திருந்தார்கள்.

“நாளைக்கு அந்த அம்மா புகார் குடுத்தா?” என்றாள் யுவராணி.

“குடுத்தா நான் எழுதித் தாரேன்க்கா, நடந்தத நடந்தபடி. வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்.”

“யாரு போகச் சொன்னா? மொதல்ல உக்காரு.”

பிரெசில்லா உட்கார்ந்தாள். யுவராணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவளே கல்லைச் சூடாக்கி இரண்டு முட்டை உடைத்தாள். ஒன்றில் ஓடு விழுந்துவிட்டது. அதை நகத்தால் எடுத்தபடி, “காலையில இருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட” என்றாள்.