மாதிரிக் கதவு

சிதம்பரத்தில் கண்ணாயிரம் கட்டிய புது வீட்டில் மாடி அறைக் கதவு ஒன்றுக்கு மட்டும்தான் நான் பெயின்ட் அடித்தேன். மற்ற கதவுகளை நான் தொடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டு, மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த வேலையைக் கொண்டுவந்தவர் லியாக்கத் அலி மச்சான், என் அக்கா தஸ்னீமின் வீட்டுக்காரர். வீட்டைக் கட்டும் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தார். நான் கடலூர் முதுநகர். மரச் சாமான்களுக்கு பெயின்ட் அடிப்பதுதான் தொழில். கண்ணாயிரத்துக்குப் பழைய வீட்டுக் கதவுகளில் பிரஷ் கோடு தெரிவது பெரிய குறை. புது வீட்டில் எல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கவேண்டும் என்றாராம். மாதிரிக்கு ஒரு கதவு செய்து காட்டு, அவருக்குப் பிடித்துவிட்டால் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் உனக்குத்தான் என்றார் மச்சான். அதை நம்பி, வடலூரில் பேசி வைத்திருந்த ஒரு லாட்ஜ் வேலையை விட்டுவிட்டேன்.

கதவைக் கழற்றிப் படுக்கவைத்தேன். நிற்கிற கதவில் பெயின்ட் வழியும். படுத்த கதவில் தானாகப் பரவிச் சமமாகும். பிரைமர் காய்ந்ததும் பள்ளம் அடைக்கிற பட்டியை வைத்துத் தேய்த்தேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, நிழல் விழுந்த பள்ளங்களில் மறுபடியும் பட்டி வைத்தேன். பெயின்ட் அடித்த ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தொட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்தேன். கடைசிக் கோட்டு அன்று ஜன்னலைச் சாத்தி, தூசு பறக்காமல் தரையில் தண்ணீர் தெளித்து, யாரும் ஃபேன் போடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். பெயின்டைத் துணியில் வடிகட்டித்தான் எடுத்தேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டார். சொந்த மச்சான்தானே என்று எதையும் மறைக்காமல் சொன்னேன்.

கண்ணாயிரம் வந்து உள்ளங்கையைக் கதவின் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். என் பெயரைக் கேட்டுக்கொண்டார். எல்லாக் கதவும் இதே போல வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று சிரித்தார்.

அதன்பிறகு மச்சான் கூப்பிடவேயில்லை. நானாகக் கேட்டால் டைல்ஸ் வேலை என்பார், கரண்ட் வேலை என்பார். பெருநாளுக்கு அக்கா வீட்டில் சாப்பிடும்போதும், அவசரப்படாத மாப்ள, எல்லாம் உனக்குத்தான் என்றார். அக்கா நிமிர்ந்து பார்க்காமல் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் காலையில் போன் செய்து, உடனே கிளம்பி வா, சாமானெல்லாம் எடுத்துக்க என்றார். புது பிரஷ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் தின்னர் வாடை அடித்தது. எல்லாக் கதவும் பெயின்ட் அடித்து மாட்டியாகிவிட்டது. கீழ் அறைக் கதவில் கை வைத்தேன். ரவை ரவையாகத் தட்டுப்பட்டது. தாழ்ப்பாளுக்குக் கீழே பெயின்ட் வழிந்து முடிச்சாக நின்றது. கிரகப்பிரவேசத் தேதியை முன்னால் வைத்துவிட்டார்கள், கான்ட்ராக்டர் மிஷினில் அடிக்கிற ஆட்களைக் கூட்டி வந்துவிட்டார் என்றார் மச்சான்.

"நீ ஒரு கதவுக்கே அத்தினி நாளு எடுத்துக்கிட்ட. ஒன் வீடியோவத்தான் அவனுங்களுக்குப் போட்டுக் காட்டுனேன்."

"கோட்டுக்கு கோட்டு காயவிட்டானுங்களா?"

"காயறது வீடியோல எங்க மாப்ள தெரியுது?" என்று சிரிக்கப் பார்த்தார்.

முந்தின நாள் கண்ணாயிரம் ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டு வந்து, மாடியில் என் கதவைத் தொட்டதும் நின்றுவிட்டாராம். இது மட்டும் ஏன் வேறு மாதிரி என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க மச்சான்?"

"எல்லாம் நீதான் செஞ்சன்னு சொல்லிட்டேன். வெளிச்சத்துல அப்பிடித் தெரியுதுன்னேன்."

பிறகு என்னை மாடிக்குக் கூட்டிப்போய், சொரசொரப்பான உப்புத்தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். கண்ணாயிரம் சாயங்காலம் திரும்பி வருகிறார். அதற்குள் என் கதவை நானே தேய்த்துக் கெடுத்து, மற்றவற்றைப் போல மிஷினில் ஒரு கோட்டு அடித்துவிட வேண்டும். அவர் கேட்டால் பக்கத்தில் நின்று, ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான் என்று சொல்லவும் வேண்டும்.

என் பேர் கெட்டுப்போகுமே என்றேன்.

"கடலூர்ல இருக்கறவனுக்கு சிதம்பரத்துல என்னடா பேரு? என் வேலை போனா தெருவுல நிக்கப்போறது ஒங்க அக்கா."

அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"வேலை வேற ஆளுங்களுக்குப் போயிருச்சுன்னு பெருநாளப்பவே தெரியும். மூஞ்சியப் பாத்து கண்டுபிடிச்சிடுவியோன்னு பயந்துகிட்டு கெடந்தா."

உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினேன். மச்சான் என்னைத் திட்டிக்கொண்டே தானே கதவைத் தேய்க்க ஆரம்பித்தார். காய்ந்த தாளை மர இழைக்குக் குறுக்கே போட்டுத் தேய்க்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.

சாயங்காலம் வரவேண்டிய கண்ணாயிரம் அப்போதே வந்து காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"ஏங்க உபைதுல்லா, காட்டுனது ஒண்ணு, செஞ்சது ஒண்ணா?"

அக்காவை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

"நான் செஞ்சது மாடிக் கதவு ஒண்ணுதாங்க. இப்ப அதத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க."

அவர் தலையைத் தூக்கிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படியேறிப் போனார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது அக்கா போன் செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"மச்சான்னுகூடப் பாக்காம காட்டிக் குடுத்துட்டியேடா. ஒரே ஒரு கதவுதானடா."

எனக்கு ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவள் இடம் கொடுக்கவில்லை. மச்சானுக்கு வேலை போய்விட்டது, இனிமேல் எங்கள் வாசலை மிதிக்காதே என்றாள். என் பெயரைச் சொல்லி அவர்கள் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் வாயில் வரவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடித்து வைத்தபோது, நான் இறங்கவேண்டிய முதுநகர் ஸ்டாப் போய்விட்டிருந்தது.