கூழில் நின்ற யானை

நான் பொய் சொல்கிறவன் இல்லை. சந்தேகமிருந்தால் செலியமேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவர்களும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கைவேலை. காகிதம் கிழிக்கலாம், ஒட்டலாம், கத்தலாம். மற்ற நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதே அந்த ஒரு பீரியடை நினைத்துத்தான். தலைமை ஆசிரியர் அரிகரனுக்கு அது ஆகாது. அவர் கணக்கு வாத்தியார்.

போன வருடம் பாகூர் கைவேலைக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் காகித மயில் செய்தார்கள். நன்றாக ஒட்டட்டும் என்று பசையில் யாரோ வெல்லத்தைப் போட்டுவிட்டார்கள். விடிந்து பார்த்தால் கட்டெறும்பு மயிலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. தோகை மட்டும் புற்று வாசலில் நுழையாமல் மாட்டிக்கொண்டு நின்றது. அரிகரன் அதைப் பார்த்துவிட்டு, இந்த வருடம் வெண்ணிலா டீச்சரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

“இந்தத் தடவயும் பரிசு வரலைன்னா, அந்தப் பீரியட் கணக்குக்குப் போயிடும் டீச்சர்.”

டீச்சர் நேராக என்னிடம் வந்தார். ஊரில் எல்லாக் கட்சிக்கும் போஸ்டர் ஒட்டியவன் நான். ஒரு தேர்தலில் நான் ஒட்டியதைக் கிழிக்கப் போய்ச் சுவரே கையோடு வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் அதை ஜன்னல் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்.

“சுப்பராயலு ஐயா, யானை பண்றோம். எறும்பு வராத பசை வேணும். ஆனா புள்ளைங்க கை வெக்கிற பசை, பாத்துக்கோங்க.”

போஸ்டர் பசையில் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் போடுவோம். அது விஷம், பிள்ளைகளுக்கு ஆகாது. அதனால் வேப்பிலையைக் கொதிக்க வைத்தேன். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற வேப்பந்தண்ணீரில் ஊற்றிக் கை ஓயாமல் கிண்டினேன். வெளுப்பு மாறிப் பளபளவென்று வந்ததும் இறக்கி மூடினேன். பானைக் கழுத்திலும் ஒரு வேப்பிலைக் கொத்தைக் கட்டி, பள்ளிக்கூடச் சுவரோரம் வைத்தேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. அன்று ஆடி வெள்ளி. அடுத்தாற்போலிருக்கும் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற நாள். வீட்டுக்கு வீடு கேழ்வரகும் நொய்யும் போட்டுக் காய்ச்சிய கூழ்ப்பானைக்கு வேப்பிலை கட்டித்தான் தூக்கி வருவார்கள். தெற்குத் தெரு சின்னபொண்ணு தன் பானையை என் பானைக்குப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டுக் கரகம் பார்க்கப் போனாள். திரும்பி வந்தவள் என் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோயிலில் அதில் மோரையும் வெங்காயத்தையும் கலந்து ஊருக்கே ஊற்றினார்கள். கசந்ததுதான். அம்மன் கூழ் கசக்கிறது என்று யார் சொல்வார்கள்?

மதியம் பிள்ளைகள் மூங்கில் சிம்பில் யானைக் கூடு கட்டி, பழைய பேப்பரைக் கிழித்துக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மூடியைத் திறந்தேன். கூழ். அந்த நேரம் பார்த்துச் சின்னபொண்ணு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

“இந்த வருசம் என் கூழ யாருமே நல்லாகீதுன்னு சொல்லல மாமா.”

“பின்ன இன்னா சொன்னாங்க?”

“ஒன்னுமே சொல்லல. குடிச்சவங்க ஒருத்தரும் வாயே தொறக்கல.”

“உன் கூழு இங்க கீதுடி. நீ ஊருக்கு ஊத்தினது என் பசை.”

“ஐயோ ஆத்தா! எங்க மாமியாரு ரெண்டு சொம்பு குடிச்சிச்சே!”

“பேசுதா?”

“இல்ல.” கொஞ்சம் யோசித்தாள். “மாமா, நாளைக்கும் கொஞ்சம் காச்சித் தருவியா?”

உள்ளதைச் சொல்கிறேன், அன்று பொழுது சாயும்வரை செலியமேட்டில் சண்டையே இல்லை. வாய்க்கால் தகராறுக்கு வந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் முறைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் மைதாவுக்குக் கடைக்கு ஓடினேன். கடைக்காரரும் குடித்திருந்தார். மைதா தீர்ந்துவிட்டதைக் கையை விரித்துத்தான் சொன்னார். பாகூர் போய் வாங்கி வருவதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும்.

அரிகரன் வாசலில் வந்து நின்றார். “இன்னா டீச்சர், யானை எலும்பும் கூடுமா நிக்குது? திங்கக்கெழம டைம்டேபிள மாத்திடட்டுமா?”

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அவர் கூழ் குடிக்காதவர். மூன்றாம் வகுப்பு சுவேதா எழுந்தாள்.

“கூழ வெச்சே ஒட்டலாம் டீச்சர். போன ஆடிக்கு என் பாவாடைல ஊத்திக்கினேன். எங்கம்மா தோச்சித் தோச்சிப் பாத்துச்சு. பாவாட கிழிஞ்சிது, கூழு போவல.”

“எங்கூழ யானைக்கா?” என்றாள் சின்னபொண்ணு.

“ஊருக்குத்தான் கெடைக்கல, யானையாச்சும் குடிக்கட்டும்” என்றேன்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டாள். பேப்பர்மேல் கூழ், கூழ்மேல் பேப்பர். ஒட்ட ஒட்ட வெள்ளை மறைந்து சாம்பலும் பழுப்புமாக நிறம் ஏறியது. நொய் அங்கங்கே புடைத்து நின்று சொரசொரவென்று தோலாயிற்று. ஆடிக் காற்று இரவெல்லாம் அடித்துக் காய வைத்தது. காலையில் வயிற்றில் தட்டினால் தவில் மாதிரி ‘திம்’ என்றது.

சனிக்கிழமை பாகூர்ப் பந்தலில் யானையை மேசைமேல் ஏற்றினோம். சுவேதா மிச்சக் கூழை நான்கு பாதத்துக்கும் அப்பினாள். வேம்பு சேராத கூழ் அல்லவா, எறும்பு வரத்தான் வந்தது. ஏறிய எறும்பெல்லாம் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. யானைக்கு முடியில்லாத குறை அதோடு தீர்ந்தது.

நடுவர்கள் முதல் வரிசையைப் பார்க்கும்போது காற்று புறப்பட்டது. பந்தல் துணி போயிற்று. பக்கத்து மேசையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தார் கடைப் பசையில் செய்த கலங்கரை விளக்கம் எழும்பி, ஏரிப் பக்கம் போனது. கிளிகள், ரயில், தாமரை எல்லாம் பின்னாலேயே போயின. நடுவர்கள் பறக்காமலிருக்க எதைப் பிடித்தார்கள் தெரியுமா? எங்கள் யானையின் தந்தத்தை.

காற்று நின்றபோது மேசைகளின்மேல் மிச்சமிருந்தது செலியமேடு மட்டும்தான். முதல் பரிசுக் கோப்பையைத் தும்பிக்கையில் மாட்டினார்கள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் இன்னொரு பந்தல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். யானையைத் தூக்கினோம், மேசையும் கூடவே வந்தது. பந்தல்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, “எடுத்துனு போங்கப்பா” என்றார். அரிகரனும் ஒரு மேசைக்காலைப் பிடித்தார். சும்மா பிடிக்கவில்லை, “வழி விடுங்க, எங்க யானை வருது” என்று ஏரிக்கரை வரை கத்திக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை டைம்டேபிளை மாற்றத்தான் மாற்றினார். செவ்வாய்க்கிழமைக் கணக்குப் பீரியட் ஒன்றை அடித்துவிட்டுக் கைவேலை என்று எழுதினார்.

“இன்னா சார் இது?” என்றார் டீச்சர்.

“ஒத்த யானை எப்படி டீச்சர் இருக்கும்? துணை வேணாமா?”

செவ்வாய்க்கிழமை மணி அடித்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்குத் தென்னை மரத்துக் காகமெல்லாம் பறந்தது. வாசலில் சின்னபொண்ணு, இடுப்பில் பானையோடு.

“மாமா, நல்லா மூடியத் தொறந்து பாத்துக்கோ” என்றாள். “இது கூழு.”