எர்த் கம்பியடியில் தண்ணீர்

பத்தே முக்காலுக்குக் கம்ப்யூட்டர் மறுபடியும் தானாக நின்று, தானாக எழுந்தது. பதினொன்றுக்குப் பரீட்சை.

"இன்னா சொல்லிட்டு செத்துச்சி இந்த வாட்டி?" என்றாள் எல்லம்மாள், கீரை ஆய்ந்துகொண்டே. சசிரேகாவுக்குச் சொந்த அத்தை, இப்போது மாமியார்.

"ஒண்ணும் சொல்லல அத்த. பொட்டுனு போச்சி, வந்துச்சி."

சென்னையிலிருந்து உதிரி உதிரியாக வாங்கி வந்து, சசிரேகாவும் அவள் கணவன் மோகனும் போன மாதம் உட்கார்ந்து திருகாணி முடுக்கிச் சேர்த்த பெட்டி. பேச்சைக் காதில் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலைக்கு இன்று ஆன்லைனில் தேர்வு. கிடைத்துவிட்டால் மோகனைப் போல அவளும் விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ் ஏறி, பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்க வேண்டாம். ஒரு முறை இணைப்பு அறுந்தால் திரும்ப நுழையலாம். இரண்டாவது முறை அறுந்தால் அவ்வளவுதான்.

ஒரகடத்தில் ஷிப்டில் இருந்த மோகனுக்குப் போன் போட்டாள்.

"ரேமக் கயட்டி மாட்டுனியா?"

"மூணு வாட்டி."

"சூடாவுதா?"

"மூடியத் தெறந்து வெச்சி டேபிள் பேன் போட்டுக்கினு கீறேன்."

"அப்ப பவர் சப்ளைதான். ஞாயித்துக்கெயம மாத்திடலாம்."

"பரீட்ச இன்னிக்குங்க."

அறை, வீட்டின் பின்னால் சேர்த்துக் கட்டிய தகரக்கூரை அறை. மோகன் மெயினிலிருந்து ஒற்றை ஒயரை மட்டும் இழுத்து, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயருக்குப் பதிலாக அறை சுவிட்ச்போர்டின் மறுபக்கத்தை வெளிச்சுவரோரம் மண்ணில் அடித்திருந்த எர்த் கம்பியில் கட்டிவிட்டிருந்தான். அந்தத் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். பல்பு எரிந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

பதினொன்றே காலுக்கு மூன்றாவது ஒலிப்பதிவு பாதியில் திரை கறுத்தது. சசிரேகாவின் விரல்கள் விசைகள் மேலேயே நின்றன. கம்ப்யூட்டர் எழுந்து வர இரண்டு நிமிடம். உள்ளே நுழைந்தாள். முதல் மன்னிப்பு தீர்ந்தது.

"அடுத்த வாட்டி நின்னா போச்சி அத்த."

"காலைல நான் பாத்திரம் தொலக்குறப்ப ஒய்ங்கா ஓடிச்சி. நான் எந்திரிச்சி வந்தா பேஜார் பண்ணுது. என்னத் தேடுது போல உன் பொட்டி."

சசிரேகா சிரிக்கவில்லை. நின்ற நேரத்தையெல்லாம் மூன்று வாரமாகக் குறித்து வைத்த நோட்டை இழுத்தாள். காலையில் எட்டிலிருந்து பத்து வரை ஒன்றுமில்லை. சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒன்றுமில்லை. எல்லாம் நடுப்பகலில். அத்தை இரண்டு வேளையும் பாத்திரம் துலக்கும் இடம் அந்தக் கம்பியடிதான். மண் ஈரமாக இருந்தால் ஓடுகிறது, காய்ந்தால் நிற்கிறது.

"அத்த, எர்த் கம்பியடில ஒரு வாளி தண்ணி ஊத்தேன்."

"கம்பிக்குத் தாகமா?"

"ஊத்து. காய வுடாத."

ஊற்றினாள். பன்னிரண்டு அடித்தது. நிற்கவில்லை. பன்னிரண்டு இருபது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கேட்க இவள் வேகம் கூடியது. முக்கால்வாசி முடிந்தது.

ணங்கென்று வாளி விழுந்தது.

சசிரேகா ஒரு காதில் இருந்த இயர்போனைக் கழற்றினாள். "இன்னா அத்த?"

"ஒண்ணுமில்ல, நீ எய்து. வாளி கம்பில பட்டுச்சி, கை சுருக்குனு இய்க்குது."

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா அப்பப்ப காலு ஜிவ்வுனு கீது. இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. நரம்புத் தளர்ச்சிதான்டி."

ஒரு மாதம். பெட்டி வந்து ஒரு மாதம். பெட்டி இழுக்கும் கரண்ட் முழுக்க அந்தக் கம்பி வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. அங்கே வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறாள் அத்தை.

"வாளியத் தொடாத. தள்ளி வா அத்த."

"இன்னும் எவ்ளோ நேரம் கீது உனக்கு?"

"இருவத்தேயு நிமிஷம்."

"அதுக்குள்ள காஞ்சிடும்டி. இரு, இன்னும் ரெண்டு வாளிதான்."

மறுபடி தூக்கிய வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. திரையில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன. எல்லம்மாள் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

சசிரேகா எழுந்து நடைக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள்.

வீடே அடங்கிப்போயிற்று. எல்லம்மாள் வாளியோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"கரண்டு போச்சா?"

"நான்தான் நிறுத்துனேன்."

"பைத்தியக்காரி. இன்னா வேல பண்ண?"

"உனுக்கு நரம்புத் தளர்ச்சி இல்ல அத்த. அந்தக் கம்பில கரண்டு வருது. ரெண்டு ஒயரு இய்க்க வேண்டிய எடத்துல ஒண்ணுதான் கீது."

எல்லம்மாள் தன் ஈரக் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"மறுக்கா எப்ப வெப்பான் பரீட்ச?"

"ஆறு மாசம் ஆவும்."

போன் அடித்தது. மோகன். "இன்னா சசி, நின்னுச்சா?"

எல்லம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"டேய், உன் பொட்டி நல்லாத்தான் கீது. வரும்போது மெயின்லேர்ந்து இந்த ரூமு வரிக்கும் ரெண்டு ஒயரா இய்க்குற மாதிரி வாங்கிக்கினு வா. அது வரிக்கும் வூட்ல வெளக்கு கெடயாது."

"இன்னாம்மா ஆச்சி?"

"உன் அம்மா உசுரோட கீறா. அதான் ஆச்சி."