இருக்கும்

பதினான்காவது இயந்திரம் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நீண்ட மேசையில் பதின்மூன்று திரைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. கடைசித் திரையில் ஒரு வெள்ளைக் கோடு துடித்தது, நின்றது. இயந்திரம் தானே அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. காலையிலிருந்து இதே கதை. அந்த இயந்திரங்களின் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் நால்வரில் ஒருத்தியான அவள், மடிக்கணினியை முழங்காலில் ஏந்தியபடி முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு மேடம்,” என்றார் லேப் டெக்னீஷியன், கையுறையைக் கழற்றாமலே. “நீங்க மருந்து குடுத்தீங்க, படுத்துடுச்சு.”

“அது புது வெர்ஷன். மருந்து இல்ல.”

“அதான் சொல்றேன், ஒத்துக்கல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன், மூன்றாவது முறை.

“அம்மா வீட்டுச் சாவிய சாயங்காலம் ஓனர்கிட்ட குடுத்துடறேன். உன் வீட்லதான் ஒரு ரூம் சும்மா கிடக்கே.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“அவங்கள என்னத்த கேக்கறது? அவங்களுக்கும் அதான் இஷ்டமா இருக்கும்.”

“இருக்கும்னா? கேட்டியா இல்லியா?”

“நீ வேற. லாரிக்கே சொல்லியாச்சு.” தொடர்பு அறுந்தது.

இருக்கும். ஆறு வாரங்களுக்கு முன் அவளும் அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். அதுவரை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பிராசசரிடம் கேட்கும்: வேகக் கணக்குக்கான கட்டளைகள் உன்னிடம் உண்டா? உண்டென்றால் விரைவு வழி; இல்லையென்றால் மெதுவான வழி. அந்தக் கேள்வியையும் மெதுவான வழியையும் நீக்கிவிட்டு, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றிக் கம்பைல் செய்யும்போதே ‘உண்டு’ என்று பதித்துவிடலாம், தொடக்கம் விரைவாகும் என்று வாதாடியவள் அவள். பழைய பிராசசரில் இல்லாவிட்டால் என்று நால்வரில் ஒருவர் இழுத்தபோது, “எல்லாத்துலயும் இருக்கும்” என்றாள். வாக்குறுதியா ஊகமா என்று காட்டிக்கொடுக்காத அந்த வினைமுற்றுக்குள் மனிதர் எவ்வளவு சௌகரியமாக ஒளிந்துகொள்ள முடிகிறது! பதினான்காவதில் இருந்தது பழைய பிராசசர். அறியாத கட்டளையைக் கண்டதும் அது திகைத்து நின்றது. அதனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தாள். கம்பைல் முடிய இருபது நிமிடங்கள் ஆகும். உட்கார முடியவில்லை, கழுவுதொட்டிக்கும் கதவுக்கும் இடையே நடந்தாள்.

“நடந்தா சீக்கிரம் முடியுமா மேடம்? அப்படின்னா நானும் கூட நடக்கறேன்.”

அவள் அம்மாவை அழைத்தாள்.

“அம்மா, எங்கிட்ட வர்றதுல உனக்கு விருப்பமா?”

“எனக்கென்னடி, எங்க இருந்தா என்ன.”

அப்பாவின் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் அம்மா சொன்ன விடை இது. ஆமாவும் அல்ல, இல்லையும் அல்ல. அவளுக்குச் சுருக்கென்றது. ‘இல்லை’ என்று சொன்னால் போவதற்கு ஒரு வழியை எழுதி வைக்காமல் கேள்வியை மட்டும் கேட்டு என்ன பயன்?

“வேணாம்னா வேணாம்னு சொல்லும்மா. ஓனர்கிட்ட நான் பேசறேன். நீ அங்கயே இருக்கலாம்.”

மறுமுனையில் அட்டைப்பெட்டி ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

“உன் அண்ணன் லாரிக்குச் சொல்லிட்டானே.”

“அத நான் பாத்துக்கறேன்.”

கம்பைல் முடிந்திருந்தது. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, புதியதைப் பதினான்காவதில் ஏற்றினாள். வெள்ளைக் கோடு துடித்தது. டெக்னீஷியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கோட்டுக்குக் கீழே, காலையிலிருந்து வராத இரண்டாவது வரி, ஒவ்வோர் எழுத்தாக, மிக மெதுவாக வரத் தொடங்கியது.

“அம்மா? இருக்கியா?”

சர்ரென்று நீளமாக ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அட்டைப்பெட்டியின்மேல் ஒட்டுநாடாவின் சத்தம். ஒட்டுகிறாளா, பிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.