ஐந்து மணி மோட்டார்

எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் சுப்பராயலு சாருக்கு மனிதர்களை நம்பும் வழக்கம் கிடையாது. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டி, சூப்பரின்டெண்டெண்டாக ஓய்வு பெற்றவர். நம் பெயரைச் சொன்னால்கூட அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்பேர்ப்பட்டவர், தள்ளுபடியில் அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு வந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவை முதல் நாளே நம்பிவிட்டார்.

டப்பாவின் பெயர் ஸ்மார்ட் பிளக். சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, அதன்மேல் தண்ணீர் மோட்டாரின் பிளக்கைச் செருக வேண்டும். மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, எவ்வளவு கரண்ட் இழுத்தது என்று எல்லாம் போனில் வந்துவிடுமாம். மூன்றாவது மாடியில் இருக்கும் ஐ.டி. பையன் பென்னி வந்து மாட்டிக் கொடுத்தான். சங்கத்து அறையில் இருக்கும் வைஃபையில் அதை இணைத்தான். "இனிமே எல்லாம் டிரான்ஸ்பரன்ட்" என்று செயலாளர் வாட்ஸப் குழுவில் போட்டார். பதினேழு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

நான் சுபத்ரா, 2பி. திருமுடிவாக்கத்தில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு மீட்டர் காட்டும் எண்ணை இன்னொரு மீட்டரை வைத்துச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த டப்பாவைப் பார்த்த அன்றே எனக்கு அதன் யோக்கியதை தெரியும். போன் திரையில் வோல்டேஜ் 230 என்று காட்டியது. பெருங்களத்தூரில் மே மாதம் மாலையில் 230 வோல்ட் வருகிறது என்றால், எங்கள் வீட்டு ஏ.சி. ஏன் முக்கி முனகி நிற்கிறது? இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இருபத்துநாலு வீட்டுக்கும் தரைக்கடியில் உள்ள சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இருப்பது அந்த ஒரு மோட்டார்தான். அதைப் போடுவதும் நிறுத்துவதும் மாரியின் வேலை. காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, பதினோரு மணிக்கு, பிறகு மாலை நாலு மணிக்கு. மாரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒன்பது வருடமாக மனைவி கனகவல்லியோடு படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறையில் இருக்கிறார். கனகவல்லி மாடிகளைப் பெருக்கித் துடைப்பார். அவர்களுடைய ரேஷன் கார்டு, கேஸ் புக், ஓட்டு எல்லாம் அந்த அறையின் விலாசத்தில்தான்.

இந்தக் கோடையில் போர்வெல் கீழே இறங்கிவிட்டது. சம்ப் பாதிதான் நிரம்பியது. காலை எட்டரைக்கெல்லாம் குழாயில் காற்று வந்தது. பூமிக்கடியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்றால் யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா. செயலாளர் போனைத் திறந்தார். தேடிய ஆள் அதில் அகப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். இருபத்துநாலு வீட்டிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தோம். மற்றவர்கள் குழுவிலேயே கட்டை விரலைத் தூக்கிவிட்டார்கள். செயலாளர் ஒரு மாதப் பட்டியலை அச்செடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். தினமும் இரவு ஒன்பது மணி சுமாருக்கு 'ஆஃப்லைன்'. தினமும் காலை எட்டு மணி சுமாருக்கு 'ஆன்லைன்'. நடுவில் யூனிட் சைபர்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்" என்றார் செயலாளர். "ஆஃப்லைன்னா லைன் ஆஃப். கம்பெனிக்காரன் இங்கிலீஷ்ல முன்ன பின்ன போட்டிருக்கான், அவ்ளோதான். நைட் ஒன்பதுக்கு இவர் லைனை ஆஃப் பண்ணிடறார். காலைல எட்டு மணிக்குத்தான் ஆன் பண்றார். அஞ்சு மணிக்கு மோட்டார் போடறேன்றதெல்லாம் பச்சைப் பொய். நல்லா தூங்கறார்."

லைன் ஆஃப். எலெக்ட்ரீஷியன் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கேட்பானே, "லைன் ஆஃப்ல கீதா?" என்று, அந்த லைன் ஆஃப். மூன்று தலைமுறைக்கு ஆங்கிலத்தில் கோப்பு எழுதக்கூடிய மனிதர் இப்படிப் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பட்டதாரிகளும் தலையாட்டினோம். பக்கத்து நாற்காலியில் இருந்த துளசிங்கம் சார் மட்டும், "நானும் நெனச்சேன்" என்றார். அவர் எதையும் நினைத்து நான் பார்த்ததில்லை.

மாரி தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். தாளை அவருக்குக் கொடுக்கவில்லை.

"இன்னா சார் இது" என்றார். "தெனம் அஞ்சு மணிக்கு நான்தான போட்றேன். காத்தால ஆறு மணிக்கு நீங்கோ குளிக்கறீங்களே, அந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? தொட்டி ராத்திரியே காலி."

நியாயமான கேள்வி. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். செயலாளர் தாளைத் தட்டிக் காட்டினார். "மிஷின் பொய் சொல்லாது மாரி. மனுஷன்தான் சொல்லுவான்."

"அப்ப நான் பொய் சொல்றேன்றீங்க."

'இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் நன்றாக இருக்காது. நிழல் உள்ள பார்க்கிங் இடம் ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு நான் மனுப் போட்டிருந்தேன். அன்றைய கூட்டத்தில் மாரிக்கு அடுத்த விஷயம் அதுதான். செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடமாக வெயிலில் வெந்துகொண்டிருந்த என் காரை நினைத்துக்கொண்டு, வோல்டேஜ் 230 என்று போட்டிருந்த அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மாரி மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது. ஒரு நிமிடம் கழித்து எனக்குப் பார்க்கிங் இடம் ஒதுக்கப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

வெட்கம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கீழே மோட்டார் ஓடும் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். செயலாளர் ஆர்வத்தில் எல்லோருக்கும் அந்தச் செயலியைப் பகிர்ந்திருந்தார். திரையில் 'ஆஃப்லைன்'. காதில் மோட்டார். ஒன்பது வருடமாகக் காலையில் அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன்.

அன்று மாலை கம்பெனியிலிருந்து கிளாம்ப் மீட்டரைக் கடன் வாங்கி வந்தேன். ஒயரைச் சுற்றிக் கவ்வி, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. மோட்டார் அறையில் உண்மையான வோல்டேஜ் 191. டப்பா 230 என்றது. மோட்டாரை நிறுத்தினேன். அப்போதும் 230. அதற்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பொய் எண்ணை ஆம்பியரோடு கண்ணை மூடிக்கொண்டு பெருக்கி, மோட்டார் உண்மையில் தின்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம் காட்டியது. ஒன்றுமே செருகாதபோது நாலு வாட் காட்டியது. பேய் ஏதாவது விசிறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததோ என்னவோ. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு சாமான் மேசைக்கு வந்தால் நான் எழுதுவது ஒரே வார்த்தை, கழிவு.

ஆனால் 'ஆஃப்லைன்' எங்கிருந்து வருகிறது? நெட் இல்லையென்றால்தான் அப்படிக் காட்டும். பென்னிக்குப் போன் போட்டேன்.

"ஆமா ஆன்ட்டி, வைஃபை கட் ஆனா அப்படித்தான் வரும். அந்த நேரத்துல மோட்டார் ஓடினாலும் இது கணக்குல வராது. சீப் மாடல்ல மெமரி இல்ல."

"இதை மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே."

"நான் ஜஸ்ட் இன்ஸ்டலேஷன்தான் பண்ணேன் ஆன்ட்டி."

எங்கள் அடுக்ககத்தில் ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள் பதினோரு பேர். அமெரிக்காவில் எவனுடைய சர்வரோ படுத்துவிட்டால் தூக்கத்தில் எழுந்து ஓடுவார்கள்.

வைஃபை பெட்டியைப் பார்க்கச் சங்கத்து அறைக்குப் போனேன். மாரி சாவி கொடுத்தார். வைஃபை பெட்டி சுவரில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் ஸ்விட்சுக்கு மேலே லேமினேட் செய்த ஓர் அறிவிப்பு: 'இரவு 9 மணிக்கு மேல் இவ்வறையின் மின்சாதனங்கள் அனைத்தும் அணைக்கப்படும். மின்சாரத்தைச் சேமிப்போம். இப்படிக்கு, செயலாளர்.'

"மாரி, இந்த ஸ்விட்சை நைட்ல யார் ஆஃப் பண்றது?"

"சார்தான் மேடம். ஒம்போது மணிக்கு கீழ எறங்கி வந்து அவரே ஆஃப் பண்ட்டு போவாரு. எங்க கைல விட மாட்டாரு. காத்தால எட்டு மணிக்கு பேப்பர் எடுக்க வர சொல்லோ போடுவாரு."

நான் அந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. ஒரு மாதமாகத் தினமும் தன் கையால் தானே வைஃபையை அணைத்துவிட்டுப் போய், அணைத்த நேரத்தைத் தாளில் அச்செடுத்து, அதைக் காட்டி இன்னொருவரை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறார். பட்டியலில் இருந்தது மாரியின் தூக்கம் அல்ல, சுப்பராயலு சார் படி இறங்கி வந்த நேரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டம் கூட்டினேன். இந்தத் தடவை பதினாலு பேர் வந்தார்கள், வம்பு என்றால் வருவார்கள். மோட்டாரைப் போடச் சொன்னேன். செயலாளர் போனில் 'ஆன்லைன்' என்று இருந்தது. வைஃபை ஸ்விட்சை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் 'ஆஃப்லைன்'. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி, மேலேயிருந்த குழாய் வழியாகத் தண்ணீர் வாசலில் கொட்டியது. துளசிங்கம் சாரின் செருப்பு நனைந்தது.

செயலாளர் போனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"இதுல அப்டேட் வர கொஞ்சம் டைம் ஆகும்" என்றார்.

"சார், லைன் ஆஃப்னா இந்தத் தண்ணி எப்படி வருது?" என்றேன்.

"டெக்னிக்கல் எரர் இருக்கலாம். ஒத்துக்கறேன். அதுக்காகக் கண்காணிப்பே வேண்டாம்னு சொல்ல முடியாது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் அசடு வழியவில்லை. அந்தத் திறமைக்குத்தான் முப்பத்தோரு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறார் போலும். கடைசியில், மாரி தொடரலாம், இனிமேல் மோட்டார் போடும்போதெல்லாம் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்று தீர்மானம் ஆனது. பொய் சொன்னார் என்று சொன்னதைத் திரும்பப் பெறுவது பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை. நான் அதைக் கேட்டேன். "அதெல்லாம் அண்டர்ஸ்டுட்" என்றார் செயலாளர்.

இவ்வளவும் நடக்கும்போது மாரி அங்கே இல்லை. மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பின்பக்கம் நிழல் உள்ள பார்க்கிங்கில் தரையில் குந்தி உட்கார்ந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என் இடம். செயலாளர் போன வாரம் கொடுத்த வேலை. '2' முடிந்திருந்தது. 'பி'யின் கொக்கியை மெதுவாக வளைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கனகவல்லி இரண்டு அட்டைப் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

நான் வெற்றியோடு போனேன். சோதனையைச் சொன்னேன், வைஃபையைச் சொன்னேன், ஆஃப்லைன் என்றால் என்ன என்று விளக்கினேன். மோட்டார் ஓடவில்லை என்று அதற்கு அர்த்தமே இல்லை, ஓடுவதை அந்த டப்பா வெளியே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம் என்றேன். "நீங்க போக வேணாம் மாரி. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

மாரி பிரஷ்ஷைத் தகர டப்பாவின் விளிம்பில் வழித்தார்.

"பல்லாவரத்துல ஒரு அபார்ட்மென்ட்ல பேசிட்டேன் மேடம். நாளைக்கு வண்டி வருது."

"நான் இவ்ளோ தூரம் பேசி…"

"இப்ப பேசினீங்க, இல்லன்னு சொல்லல." குனிந்தபடியே 'பி'யை முடித்தார். "அன்னிக்கு நீங்களும் அங்கதான குந்திகினு இருந்தீங்க, மூணாவது சேர்ல. இந்த மிஷின் டுபாக்கூர்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா, இப்பத்தான் தெரியுமா?"

என் கண் தரையில் ஈரமாக இருந்த '2'க்குப் போனது.

"அதான். உங்களுக்கும் மோட்டார் உள்ள ஓடிகினுதான் இருந்துச்சு" என்றார். கனகவல்லி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். மாரி எழுந்து, தான் எழுதியது நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நாலு மணி நேரம் வண்டிய ஏத்தாதீங்க மேடம், பெயின்ட் ஈரமா கீது."